மும்பையிலிருந்து வயதானவர்களுடன் மூன்று நாள் அலிபாக் போய்வர எப்படித் திட்டமிடுவது?

தஞ்சாவூரிலிருந்து ஜனவரியில் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள், மாமியாருக்கு முழங்கால் வலி, மாமனார் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், எட்டு வயதுப் பையனும் உடன் வருவான், செம்பூரிலிருந்து காரில் கிளம்புகிறோம், எந்தக் கடற்கரை, எந்த ஓட்டல் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரை எடுத்துத் திதியைப் பாருங்கள்.

நானும் செம்பூரில்தான் இருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து அம்மா வரும்போதெல்லாம், மும்பைக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் அலிபாக் போவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா பார்த்துப் பழகிய நாகப்பட்டினம் கடலில் நீர் ஏறி இறங்குவது பெரிதாகக் கண்ணில் படாது. எந்நேரம் போனாலும் கடல் அதே இடத்தில் இருக்கும் என்ற எண்ணத்துடன்தான் நம்மவர்கள் இங்கேயும் வருகிறார்கள். மும்பைப் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அலிபாக் கரை தட்டையானது. நீர் வற்றிய வேளையில் போனால் ஈர மணல்வெளிதான் நீண்டு கிடக்கும். ஆறு மணி நேரம் கழித்துப் போனால் அதே இடத்தில் அலை அடிக்கும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அலிபாக்கில் கட்டாயம் பார்க்க வேண்டிய குலாபா கோட்டை கடலுக்குள் இருக்கிறது. 1680இல் சிவாஜி கட்டத் தொடங்கிய கோட்டை அது. பின்னர் மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்ரேயின் கைக்கு வந்தது. 1721இல் ஆங்கிலேயரும் போர்ச்சுக்கீசியரும் கூட்டாகத் தாக்கியும் அதைப் பிடிக்க முடியவில்லை. சுற்றிலும் உப்புநீர் இருக்க, உள்ளே நன்னீர்க் குளமும் சித்திவிநாயகர் கோயிலும் இருக்கின்றன. நீர் வற்றும்போது கரையிலிருந்து நடந்தே போய்விடலாம். நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை வண்டி உண்டு. வண்டியின் படி உயரமானது. அம்மாவுக்காக நாங்கள் ஒரு சிறிய பிளாஸ்டிக் முக்காலியைக் காரிலேயே வைத்திருப்போம். உங்கள் மாமியாருக்கும் அது உதவும்.

நீர் வற்றும் நேரத்தைக் கண்டுபிடிக்கக் கொங்கண் கரையில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வளர்பிறையோ தேய்பிறையோ, திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் நீர் உச்சத்துக்கு ஏறும் மணி ஏறக்குறையக் கிடைத்துவிடும். சதுர்த்தி என்றால் நான்கை முக்காலால் பெருக்க மூன்று. பகல் மூன்று மணிக்கும் இரவு மூன்று மணிக்கும் நீர் ஏறி நிற்கும். ஆறு மணி நேரம் முன்னே போங்கள், காலை ஒன்பதுக்கு வற்றியிருக்கும். அமாவாசை, பௌர்ணமியன்று வற்றும் நேரம் காலை ஆறும் மாலை ஆறும் என்று வரும். ஜனவரியில் இரண்டுமே இருட்டோடு சேர்ந்த நேரம், குடும்பத்தோடு போக உதவாது. அஷ்டமியை ஒட்டி நடுப்பகலில் வற்றும், ஆனால் அந்த நாட்களில் ஏற்ற இறக்கமே குறைவு, நடக்கும் அளவுக்குத் தரை தெரியாமல் போகலாம். ஆகவே அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்த துவிதியை, திருதியை, சதுர்த்தி ஆகிய மூன்றும்தான் உங்களுக்கு ஏற்ற நாட்கள். வெயில் ஏறுவதற்குள் கோட்டையைப் பார்த்துத் திரும்பிவிடலாம். இது தோராயக் கணக்குதான். கிளம்பும் முன், கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் மும்பைக்கான ஓத அட்டவணையை இணையத்தில் பார்த்து நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கோட்டைக்குள் இறங்கியதும், எத்தனை மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்று வண்டிக்காரரிடம் கேட்டுவிடுங்கள். நீர் திரும்பும் வேகத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

அடுத்தது பயணம். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து, அக்கரையில் அலிபாக் பக்கம் இருக்கும் மாண்ட்வாவுக்குப் போகும் படகைப் பலரும் சொல்வார்கள். மாண்ட்வாவிலிருந்து அலிபாக்குக்கு பஸ்ஸும் அந்த டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும். இளைஞர்களுக்கு அது போதும். ஆனால் ஈரப் படியில் இறங்கி, ஆடிக்கொண்டிருக்கும் படகில் கால் வைக்க வேண்டும். முழங்கால் வலிக்காரரை அதில் ஏற்றாதீர்கள். மும்பையின் பாவ்சா தக்கா துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் ஓடும், வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ கப்பலில் காரோடு ஏறிவிடலாம். செம்பூரிலிருந்து கிழக்கு ஃப்ரீவே வழியாகப் போனால் துறை பக்கம்தான். கடலில் சுமார் ஒரு மணி நேரம். தரை வழியாகப் போனால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 2024இல் அடல் சேது திறந்தபின் தொடக்கப் பகுதி எளிதாகிவிட்டது என்றாலும் வெள்ளி மாலையில் வழியில் பேண், வட்கள் பக்கம் வண்டிகள் நகராது. செவ்வாயில் கிளம்பி வியாழனில் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு நான் கிஹிம் பக்கத்தைச் சொல்வேன். மாண்ட்வாவிலிருந்து அலிபாக் போகும் வழியில் இருக்கிறது, மரங்களும் நிழலும் உண்டு. பறவையியலாளர் சாலிம் அலி தூக்கணாங்குருவிகளை உட்கார்ந்து கவனித்தது இந்த ஊரில்தான். பையனுக்கு இதைச் சொல்லுங்கள், மரத்தையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருவான். நாகாவ் கடற்கரையில் நீர் விளையாட்டுகளும் கூச்சலும் அதிகம். தரைத்தள அறையாகக் கேளுங்கள்.

உங்கள் மாமனாருக்கென்றே அலிபாக்கில் ஓரிடம் இருக்கிறது. பம்பாயில் டிராம்களை மின்சாரத்தில் ஓட்டத் தீர்மானித்தபோது, தென் பம்பாயின் கொலாபாவில் பூமியின் காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்த ஆய்வகத்தின் அளவீடுகள் அந்த மின்சாரத்தால் கெட்டுப்போகும் என்று தெரிந்தது. அதனால் 1904இல் அலிபாக்கில் இரும்பே சேர்க்காமல் கட்டடம் எழுப்பி, அளவீட்டை அங்கே மாற்றினார்கள். முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாவிட்டாலும், அந்த வழியாகப் போகும்போது காரை நிறுத்திக் காட்டுங்கள். மின்சாரத்தோடு வாழ்ந்த மனிதருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

இரண்டாம் நாள் தெற்கே ரேவ்தண்டா வழியாகக் காஷித் வரை போகலாம். வெளிர்மணல் உள்ள கரை வேண்டுமென்றால் காஷித்தான். அலிபாக்கில் மணல் கறுப்பு. அதற்கும் தெற்கே கடலுக்குள் இருக்கும் ஜஞ்சீராக் கோட்டையை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். படகில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும், முழங்காலுக்கு அது ஆகாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, தங்குமிடத்தில் முதல் நாளே சொல்லிவைத்தால் அரிசி மாவு ரொட்டியான பாக்ரியும், சோல்கடி என்ற பானமும் செய்து தருவார்கள். தேங்காய்ப்பாலில் கோகம் என்ற புளிப்புப் பழம் சேர்த்த சோல்கடி பெரியவர்களின் வயிற்றுக்கு இதமாக இருக்கும். தயிர்சாதத்துக்கு மட்டும் கையோடு ஊறுகாய் கொண்டுபோங்கள்.

திதி பார்த்துத் தேதி முடிவானதும் முதலில் கப்பலில் காருக்கு இடம் பிடியுங்கள், அறையைப் பிறகு பதியலாம். உங்கள் திதி ஜனவரி 26ஐ ஒட்டி வந்தால் அந்த வாரத்தை விட்டு அடுத்த பிறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த விடுமுறையில் பாதி மும்பை அங்கேதான் இருக்கும்.