ஆத்தாவுக்கு அனுப்பிய பிளேலிஸ்ட்

வணக்கம்.

நான் தேவகோட்டைக்காரன். பெங்களூரில் மென்பொருள் வேலை. பாட்டு கேட்பதற்கு மட்டும்தான் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறேன். சென்ற தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது என் ஆத்தாவுக்காக (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பார்த்துப் பார்த்து நூற்று நாற்பது பாட்டுகள் கொண்ட பிளேலிஸ்ட் ஒன்றைச் செய்துகொண்டு வந்தேன். வெளிச்சத்தத்தை அடக்கும் என் ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டிலேயே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, அடுப்புல பால் இருக்கு” என்று எழுந்து போய்விட்டார். நண்பர்கள் குழுவில் போட்டால் கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது, யாரும் கேட்பதில்லை. ரசனை என்பதே நம் ஆட்களிடம் போய்விட்டதா? அவர்களிடம் அதை எப்படி வளர்ப்பது? எங்கள் பழைய வீட்டுப் பட்டாலைக்கு (பெரிய கூடம்) எந்த ஸ்பீக்கர் சரியாக இருக்கும்? தரம் குறையாத கோப்புகளாகத்தான் கேட்க வேண்டுமா? காரைக்குடியில் பழைய இசைத்தட்டுகள் கொஞ்சம் வாங்கினேன், படம் இணைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த பாட்டுகளின் பட்டியல் ஒன்று தந்தால் மகிழ்வேன்.

எம்.

அன்புள்ள எம்.,

கோப்பு விஷயத்தை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். தரம் குறையாத கோப்புக்கும் நல்ல எம்பி3க்கும் உள்ள வித்தியாசத்தை, மேலே மின்விசிறி ஓட, தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவ, உட்கார்ந்து கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள். 1925 வரைக்கும் ஒலிப்பதிவுக்கு மைக்கே கிடையாது. பாடுகிறவர் ஒரு கூம்பின் வாய்க்கு நேராக நின்று உரக்கப் பாடுவார். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு இழுக்கும். அப்படிப் பதிந்த தட்டைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் இருக்கிறார்கள். போதும் அந்தப் பேச்சு.

உங்கள் ஆத்தாவுக்கு வருகிறேன். ஒருவர் காதில் ஹெட்போனை மாட்டி, எதிரில் உட்கார்ந்து, முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் “ஒரு பாட்டுப் பாடும்மா” என்று சொல்லிவிட்டு எல்லாரும் வாயைப் பார்ப்பார்களே, அதைத்தான் நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். அவர் இரண்டு பாட்டுவரை பொறுத்துக்கொண்டதே பிள்ளைப் பாசம். அடுப்பில் பால் இருந்ததோ இல்லையோ, எழுந்து போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. இதில் “ரசனை வளர்ப்பது” என்று வேறு எழுதுகிறீர்கள். உங்களை வளர்த்தவரிடம் நீங்கள் எதை வளர்க்கப் போகிறீர்கள்? அந்த வார்த்தையைப் படித்தபோது கோபம்தான் வந்தது. ஆனாலும் ஊருக்குப் போகிற பிள்ளை பலகாரப் பெட்டியோடு பாட்டையும் எடுத்துக்கொண்டு போகிறானே என்று மனசும் இளகியது. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: பாட்டு யாரும் கொடுத்து வருவதில்லை. அது பக்கத்தில் எங்கேயோ, வேறு யாருக்காகவோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நாம் வேறு வேலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே போகும்.

கோட்டையூரில் என் ஆத்தாவைப் பெற்ற ஐயா வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடை வைத்துத் தொழில் செய்யப் போனவர், போருக்கு முன்பே கப்பலில் அனுப்பியது. கடை அங்கேயே போய்விட்டது, பெட்டி மிஞ்சியது. எனக்கு நினைவு தெரிந்தபோது ஊரில் எல்லா வீட்டிலும் ரேடியோ வந்துவிட்டது. ஆனாலும் ஐயா சாயங்காலம் பட்டாலையில் அந்தப் பெட்டியைத் திறந்து வைப்பார். முகப்பிலிருந்து இரண்டு மூன்று பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். சாவி கொடுக்கிற வேலை பேரப்பிள்ளைகளுடையது. சுற்றுக் குறைந்துவிட்டால் நாடகப் பாடகர் கிட்டப்பாவின் உச்சக் குரல் பாட்டுக்கு நடுவிலேயே மெல்ல மெல்ல இறங்கி, கனத்து, கடைசியில் தொண்டை கட்டிய யாரோ பாடுவதாக ஆகிவிடும். ஐயா பேசமாட்டார், திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான். பாய்ந்துபோய்ச் சுற்றுவோம்.

ஊசி ஒரு சின்னத் தகர டப்பியில் இருக்கும். எஃகு ஊசி. ஒரு பக்கம் ஓடியதும் தூக்கிப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்த முனை தட்டை உழுதுவிடும் என்பது சட்டம். ஐயா சட்டத்தை மதிப்பவர், ஆனால் செட்டிநாட்டுக்காரர். ஒரு ஊசிக்கு இரண்டு பக்கம் என்று தனக்குத் தானே சலுகை கொடுத்துக்கொண்டார். எறிகிற ஊசியையும் எறியாமல் வேறொரு டப்பியில் சேர்த்து வைத்தார். எதற்கு என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

தன்னைப் பெரிய ரசிகர் என்றே ஐயா நினைத்திருந்தார். ரசிகர்தான். வந்து உட்காருகிறவர்களிடம் இந்த இடத்தைக் கவனியுங்கள், அந்த இழுப்பைக் கவனியுங்கள் என்று விரலைத் தூக்கிக் காட்டுவார். அவர்களும் தலையை ஆட்டுவார்கள். உங்கள் நண்பர்கள் அனுப்புகிற கட்டைவிரல் அன்றைக்கும் இருந்தது, தலையாட்டலாக. அவர்களில் ஒருவர்கூட ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

ஐயா காலமான பிறகு ஒரு விடுமுறையில், ஆயா (ஐயாவின் மனைவி) வளவுத் தாழ்வாரத்தில், நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், சுவரில் சாய்ந்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாய் பாடிக்கொண்டிருந்தது. கே.பி. சுந்தராம்பாள் தட்டில் கேட்ட பாட்டு. பல்லவி, சரணம் எல்லாம் சரியாக வந்தது. பாதியில் நிறுத்தினார். மறந்துவிட்டது என்று நினைத்தேன். நாலைந்து தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சுதி மாறாமல் எடுத்தார். மறுபடி பாடினபோதும் அதே இடத்தில் அதே நிறுத்தம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும். நீளப் பாட்டு என்றால் பாதியை இந்தப் பக்கமும் மீதியை அந்தப் பக்கமும் பதிவார்கள். ஐயா எழுந்து, தட்டைப் புரட்டி, ஊசியை வைக்கிற நேரம் ஆயா பாட்டில் அப்படியே இருந்தது. அவருக்கு அதுவும் பாட்டில் சேர்த்தி.

பட்டாலைக்கு அவர் ஒருநாளும் வந்து உட்கார்ந்தவர் இல்லை. வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், அடுப்படியில், நெல் அவிக்கிற இடத்தில் இருந்தவர். “எப்ப ஆயா கேட்டீங்க?” என்றேன். “யாரு கேட்டா? அதுபாட்டுக்குக் காதுல விழும்” என்றார்.

உங்கள் ஹெட்போனில் எனக்குள்ள சண்டை இங்கேதான். அது செய்கிற வேலை என்ன? வெளியே இருக்கிற சத்தத்தைக் குட்டி மைக் கேட்கிறது. அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டு அமுக்குகிறது. கெட்டிக்காரத்தனம்தான், ரயிலில் தூங்குவதற்கு நானும் வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் அதை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் பாட்டு கேட்ட நீங்கள், அத்தனை வருஷமாக உங்கள் ஆத்தாவுக்கு ஒரு பாட்டைக்கூடக் காதில் விழவிடவில்லை. நீங்கள் எதைக் கேட்டு வளர்ந்தீர்கள் என்றே அவருக்குத் தெரியாது. திடீரென்று ஒரு தீபாவளிக்கு நூற்று நாற்பதையும் கொண்டுபோய்த் தலையில் கவிழ்த்தால் என்ன செய்வார்?

அந்தக் கருவியைச் செய்தவர்களுக்கே இதில் ஒரு கூச்சம் இருந்தது. 1979இல் சோனி விற்ற முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் உண்டு. கூடவே ஒரு ஆரஞ்சுப் பொத்தான். அதை அமுக்கினால் பாட்டு தாழ்ந்து, பெட்டியில் இருக்கிற மைக் வழியாக ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று அந்த நிறுவனத்தின் அகியோ மோரிடா நினைத்தார். மக்கள் நினைக்கவில்லை. தனியாகவே கேட்டார்கள். பின்னால் வந்த வாக்மேன்களில் பொத்தானும் போயிற்று, இரண்டாவது துளையும் போயிற்று.

உடனே நீங்கள் கேட்கப்போவது தெரியும்: “அப்படியானால் பேருந்தில் போனைச் சத்தமாக வைத்து ரீல்ஸ் பார்க்கிறார்களே, அதுவும் காதில் விழுவதுதானே?” அது பாட்டா? பதினைந்து வினாடி, அப்புறம் வேறொன்று, அப்புறம் யாரோ சிரிக்கிற சத்தம். முழுப் பாட்டாகப் போடட்டும், திருப்பத்தூர் வரைக்கும் நானும் சேர்ந்து கேட்கிறேன். குழாய் ஸ்பீக்கருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை கூடாது என்ற விதி 2000இலிருந்து இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நோயாளியும் எல்லா ஊரிலும் உண்டு. இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்கு மாசி பங்குனியில் பால்குடம் எடுக்கிற நாட்களில், மைக்செட்காரர் விடிகாலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி அடுக்கிக்கொண்டே போவாரே, எனக்குத் தெரிந்த பாட்டில் பாதி அவர் போட்டது. என் விருப்பத்தை அவர் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்த பத்துப் பாட்டோடு நின்றிருப்பேன்.

இந்த ஊருக்கு இதில் பழைய சம்பந்தமும் உண்டு. ஏவி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் இசைத்தட்டு வியாபாரிதான். போர்க்காலத்தில் காரைக்குடியில் ஸ்டுடியோ போட்டார். ‘நாம் இருவர்’ இங்கே எடுத்த படம். 1947 தொடக்கத்தில் வந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன, அதற்குள் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி “ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்” என்று பாடிவிட்டார். பாரதியை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது? யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கொட்டகையில் படம் தொடங்குமுன் வெளியே குழாயில் போட்டார்கள், கல்யாண வீட்டில் போட்டார்கள், களத்துமேட்டில் நின்றவருக்கும் கேட்டது. பாரதி பாட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை மெய்யப்பனிடம்தான் இருந்தது. 1949இல் அரசு பாரதியைப் பொதுவாக்கியபோது காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார்.

வீணை ஒன்றுக்கு மட்டும் என் வாதம் செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். காரைக்குடிச் சகோதரர்களில் அண்ணன் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பவர், தம்பி சாம்பசிவய்யர் வழக்கப்படி கிடத்தி வாசிப்பவர். மைக் இல்லாமல் அந்த வாசிப்பு அடுத்த கட்டுக்குக் கேட்டிருக்காது. அதற்கு நாம்தான் எழுந்து பக்கத்தில் போக வேண்டும்.

ஸ்பீக்கர் கேட்டிருந்தீர்கள். இருப்பதே போதும், வைக்கிற இடத்தை மாற்றுங்கள். பட்டாலை வேண்டாம். முட்டை வெள்ளை கலந்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், மேலே தேக்கு. எல்லாம் வழவழப்பு. சத்தம் ஒட்ட இடமில்லாமல் சுற்றிச் சுற்றி மோதும், சொல் ஒன்றும் விளங்காது. வளவுத் தாழ்வாரத்தில் வையுங்கள். நடுவில் வானம் திறந்திருக்கிறது, மிச்சச் சத்தம் அப்படியே மேலே போய்விடும். அடுப்படிக்கு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு போதும். போட்டுவிட்டு நீங்கள் போய்விடுங்கள். கடைக்குப் போங்கள், குளிக்கப் போங்கள். திரும்பி வந்து “எப்படி இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நூற்று நாற்பதும் வேண்டாம். ஐந்தாறு பாட்டு, தினமும் அதே ஐந்தாறு. “வேற பாட்டே இல்லையாப்பா?” என்று ஆத்தா திட்டுவார். திட்டட்டும், கேட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நண்பர்கள் குழுவை விட்டுவிடுங்கள். அங்கே யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், நானும் நீங்களும் உட்பட.

என் பட்டியலைத் தரமாட்டேன். இவ்வளவு எழுதிய பிறகும் அது எதற்கு என்று கேட்டால் மேலே போய் முதலிலிருந்து படியுங்கள்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். நீங்கள் அனுப்பிய படத்தில் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு புட்டி தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், எல்பி தட்டு துடைக்கிற திரவம், ஆல்கஹால் கலந்தது. எல்பி என்கிற பிற்கால நீளத் தட்டு வினைல் பிளாஸ்டிக், அதற்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் வாங்கியிருக்கிற, நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரு துடைப்பில் பாட்டு துணியோடு வந்துவிடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும், நடுவில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்பி ஊசியையும் அதில் வைக்காதீர்கள், 78இன் பள்ளம் அகலம், அதற்குத் தனி ஊசி விற்கிறது. இதுவரை எத்தனை தட்டைத் துடைத்தீர்கள் என்று எழுதுங்கள்.