வாசகர் கேள்வி – பதில்: பலியும் உயிர்த்தெழுதலும்

கேள்வி: அன்பே உருவானவர் என்று போற்றப்படும் கடவுள், மனிதரை மன்னிப்பதற்குத் தம் சொந்த மகனின் இரத்தத்தை ஏன் கேட்க வேண்டும்? ‘மன்னித்தேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

பதில்: இதைக் கிறிஸ்தவர்களே கேட்டிருக்கிறார்கள். குற்றமற்ற ஒருவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எத்தனை கொடுமை என்று 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு இறையியலாளர் அபெலார் வெளிப்படையாகவே எழுதினார். அவருக்குச் சற்று முன், 1098இல், கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம் வேறொரு விளக்கத்தைத் தந்திருந்தார்: மனிதன் தன் பாவத்தால் கடவுளுக்குரிய மாண்பைச் செலுத்தத் தவறிவிட்டான், அதை ஈடுசெய்யும் கடமை மனிதனுடையது, ஆற்றலோ கடவுளுக்கு மட்டுமே உண்டு, ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் வர வேண்டியிருந்தது. நம் பிரசங்க மேடைகளில் இன்றும் ஒலிப்பது பெரும்பாலும் இந்த விளக்கத்தின் வழிவந்ததே. அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை மட்டுமே கேட்டு வளர்கிறவர்கள், சினம்கொண்ட தந்தை ஒருபுறமும் அவரைச் சாந்தப்படுத்தும் மகன் மறுபுறமும் நிற்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்துக்கு வேதத்தில் இடமில்லை.

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 5ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பாவம் செய்தவர் ஓர் ஆட்டைக் கொண்டுவர வேண்டும். அதற்கு வசதியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியற்ற ஏழை, எண்ணெயோ தூபவர்க்கமோ சேர்க்காத மெல்லிய மாவை, எப்பா என்ற பழைய முகத்தல் அளவில் பத்தில் ஒரு பங்கு கொண்டுவந்தால், அவருக்கும் அதே மன்னிப்பு உண்டு. இரத்த தாகம் கொண்ட தெய்வம் மாவைப் பெற்றுக்கொண்டு மன்னிக்காது. ‘நான் எருதுகளின் மாம்சம் புசித்து, ஆட்டுக்கடாக்களின் இரத்தம் குடிப்பேனோ?’ என்று 50ஆம் சங்கீதத்தில் கடவுளே கேட்கிறார்.

ஆயினும் மன்னிப்பு விலையில்லாமல் கிடைப்பதில்லை. வாங்கிய கடனைத் தர வேண்டாம் என்று ஒருவர் சொல்லும்போது அந்தக் கடன் காற்றில் கரைந்துவிடுவதில்லை. சொன்னவர் அந்த இழப்பைத் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியது இந்தப் பொருளில்தான். சிலுவையில் அந்த இழப்பைச் சுமந்தவர் கடவுளே.

கேள்வி: மூன்றாம் நாளில் எழுவோம் என்று இயேசுவுக்கு முன்பே தெரியும். கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அது எப்படிப் பலியாகும்?

பதில்: எழுவோம் என்று அறிந்திருந்தவர்தான் கெத்செமனே தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மன்றாடினார், சிலுவையில், ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கூப்பிட்டார். முடிவு தெரிந்திருந்ததால் அவருடைய வேதனை குறைந்துவிடவில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில், பலி என்றால் இழப்பு என்ற எண்ணம் இருக்கிறது. இஸ்ரவேலரின் வழிபாட்டில் பலி, கொல்வதோடு முடிந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பாவநிவிர்த்தி நாளில், வெளியே கொல்லப்பட்ட விலங்கின் இரத்தத்தை எடுத்துக்கொண்டு பிரதான ஆசாரியர் திரைக்கு அப்பால், கடவுளின் சமுகம் தங்கும் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்து அதைத் தெளித்த பிறகே பாவநிவிர்த்தி நிறைவேறியது. புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபத்தை எழுதியவர் இந்தச் சடங்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான், கிறிஸ்து ஒரே தரம் தம் சொந்த இரத்தத்தோடு கடவுளின் சமுகத்தில் பிரவேசித்தார் என்கிறார். மரித்தவராகவே கல்லறையில் தங்கிவிட்ட ஒருவர் அங்கே எப்படிப் பிரவேசிப்பார்? ஆகவே உயிர்த்தெழுதல் பலியை ரத்துசெய்யவில்லை, அதை நிறைவாக்குகிறது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் ‘நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்’ என்று கொரிந்து சபைக்குப் பவுல் அத்தனை கடுமையாக எழுதியதற்கும் இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். பெரிய வெள்ளியன்று கண்ணீரோடு ஆலயத்தை நிறைத்துவிட்டு, உயிர்த்த ஞாயிறை வெறும் பண்டிகையாகக் கடந்துபோகிற வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது.

மத்தியாஸ் குருனெவால்ட் என்ற ஜெர்மானிய ஓவியர் 1512க்கும் 1516க்கும் இடையில் ஈசன்ஹைம் மடாலயத்துக்காகத் தீட்டிய பலிபீட ஓவியம் இப்போது பிரான்ஸின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நஞ்சேறிய தானியத்தால் தோல் வெந்து, கைகால் அழுகிய நோயாளிகளை அந்த மடத்தின் துறவிகள் பராமரித்துவந்தார்கள். ஓவியத்தின் கதவுகள் மூடியிருக்கும்போது தெரிகிற கிறிஸ்துவின் உடலெங்கும் அந்த நோயாளிகளின் புண்களைப் போன்ற புண்கள்; விரல்கள் வலியில் விறைத்து விரிந்திருக்கின்றன. கதவுகளைத் திறந்தால் உயிர்த்தெழுந்தவர் தெரிகிறார். புண்கள் மறைந்து மேனி தெளிந்திருக்கிறது, ஆணித் தழும்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. விரித்த கைகளில் அவை ஒளிர்கின்றன. அவர் எழுந்ததை நம்ப மறுத்த சீடர் தோமாவுக்கு இயேசு காட்டியதும் அந்தத் தழும்புகளைத்தான்.

கேள்வி: உயிர்த்தெழுதலும் மறுபிறவியும் ஒன்றா? லாசருவும் உயிர்த்தெழவில்லையா?

பதில்: ஒன்றல்ல. மறுபிறவியில் ஆன்மா பழைய உடலை விட்டு வேறோர் உடலை அடைகிறது. உயிர்த்தெழுதலில் அதே ஆள், அதே உடலில், ஆனால் இனி சாவு தொட முடியாதபடி மாற்றப்பட்டு எழுகிறார். இறந்த பின் இயேசு எழுப்பிய லாசரு பழைய வாழ்வுக்குத்தான் திரும்பினார், ஆகவே மீண்டும் ஒருநாள் இறக்க வேண்டியவராகவே இருந்தார். உடல் ஆன்மாவின் சிறை என்ற சிந்தனை பரவியிருந்த கிரேக்க உலகில் இந்தப் போதனை விசித்திரமாகப் பட்டது. ஏதென்ஸில் இதைக் கேட்டவர்களில் சிலர் பவுலைப் பரிகாசம் செய்தார்கள். எழுந்த இயேசு சீடர்கள் முன்பாகப் பொரித்த மீனை வாங்கிப் புசித்ததை லூக்கா குறித்து வைத்திருப்பது, இது ஆவியின் தோற்றமல்ல என்று சொல்லத்தான்.

கேள்வி: குடித்துவிட்டு என்னை அடிக்கும் கணவரைப் பற்றிச் சபையில் சொன்னேன். ‘இது உன் சிலுவை, பொறுமையாகச் சும’ என்கிறார்கள். இதுவும் பலிதானா?

பதில்: இல்லை, சகோதரி. ஒருவனும் என் ஜீவனை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன் என்றார் இயேசு. மனமுவந்து கொடுப்பதுதான் பலி. ஒருவர் இன்னொருவர்மேல் சுமத்தும் கொடுமைக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது சிலுவையை அவமதிப்பதாகும். நாசரேத்தில் மலைச்சரிவிலிருந்து தம்மைத் தள்ளிவிட முனைந்தவர்களின் நடுவிலிருந்து அவர் விலகிப் போனார். கல்லெறிய வந்தவர்களிடமிருந்தும் தப்பித்துக்கொண்டார். நீங்கள் விலகி நிற்பது விசுவாசக் குறைவு ஆகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இல் இயற்றப்பட்ட சட்டம் உங்களுக்குத் துணையிருக்கிறது. அதன்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே முறையிடலாம். உடனடி உதவிக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.