1960களின் மாதிரி ராக்கெட் வரைபடத்தை இன்றைய மோட்டாரில் பறக்கவிட முடியுமா?

முடியும். வெளித்தோற்றத்தைத் தொடவே வேண்டாம். மாற்ற வேண்டியதெல்லாம் வாலுக்கும் மூக்குக்கும் உள்ளேதான்.

முதலில் தாளில் எழுதியிருக்கும் மோட்டார் குறியீட்டைக் கவனியுங்கள். முதல் எழுத்து மோட்டாரின் மொத்தத் திறன் வகுப்பு, நடு எண் சராசரி உந்துவிசை. 1960களின் பிற்பகுதி வரை, எஸ்டெஸ் என்ற அமெரிக்க மாதிரி ராக்கெட் நிறுவனத்தின் குறியீடுகளில் அந்த நடு எண் பவுண்டுக் கணக்கு, இன்று நியூட்டன். 'பி.8-4' என்றால் 0.8 பவுண்டு, ஏறக்குறைய 3.6 நியூட்டன். இதற்குக் கவலையில்லை, இன்றைய பி6-4 அதே 18 மி.மீ. குழாயில் அப்படியே உட்காரும். 'பி3-5' என்று இருந்தால்தான் கவனம் தேவை. அது 3 பவுண்டு, அதாவது 13 நியூட்டனுக்கு மேல். கருமருந்தில் துளையிட்டுச் செய்த மோட்டார் என்பதால் பற்றியவுடன் பெரும் விசை தரும். பின்னாளில் பி14 என்ற பெயரில் வந்தது, இப்போது தயாரிப்பில் இல்லை. எண் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதே என்று இன்றைய பி4ஐச் செருகினால், கனமான ராக்கெட் ஏவுதண்டை விட்டு விலகும்போது வேகம் போதாது. துடுப்புகளில் காற்று பிடிக்காமல் சாய்ந்துவிடும். புறப்படும் எடையைப்போல் ஐந்து மடங்கு உந்துவிசையாவது வேண்டும்: 100 கிராமுக்குச் சுமார் 5 நியூட்டன். பி3 கேட்கும் வரைபடத்துக்கு 18 மி.மீ. காம்போசிட் (கருமருந்துக்குப் பதில் ரப்பர் போன்ற கலவை எரிபொருள் கொண்ட) சி12 பொருந்தும், ஆனால் உயரம் கூடும், பெரிய மைதானம் வேண்டும்.

உடல் குழாய் அகலமாக இருந்தால் நான் 24 மி.மீ. மோட்டார் குழாயையே பொருத்துவேன். 18 மி.மீ. மோட்டாரை அடாப்டர் போட்டு அதிலேயே வைக்கலாம்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 24 மி.மீ. டி12 மோட்டார் 18 மி.மீ. சி6ஐவிட ஏறத்தாழ 20 கிராம் கனம், அதுவும் வால் நுனியில். ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்து, காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையத்தை நெருங்கினால் ராக்கெட் வானத்தில் குட்டிக்கரணம் போடும். மோட்டார், ஈர்ப்பு மையத்திலிருந்து 25 செ.மீ. பின்னால், மூக்கு 50 செ.மீ. முன்னால் என்றால், 20 × 25 ÷ 50 = 10 கிராம் களிமண்ணை மூக்குக்கூம்புக்குள் வைத்து ஈடுகட்டலாம். சிலர் துடுப்பைப் பெரிதாக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கோடுகளுக்காகத்தானே பழைய வடிவத்தையே தேடிப் பிடிக்கிறோம்! ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைக் கொடுத்து, ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்குக் குறைந்தது ஓர் உடல் விட்டம் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரும் பாராசூட்டும் உள்ளே இருக்கும் நிலையில் கணக்கிட வேண்டும்.

எடை கூடினால் ராக்கெட் சீக்கிரமே உச்சத்தைத் தொடும். ஆகவே குறியீட்டின் கடைசி எண்ணை, அதாவது மோட்டார் எரிந்து முடிந்தபின் பாராசூட் வெளிவரும் வரையான தாமத விநாடியை, குறைத்துத் தேர்ந்தெடுங்கள். டி12-5க்குப் பதில் டி12-3.

உங்களுடையது இரண்டடுக்கு வரைபடம் என்றால், கீழடுக்குக்குக் காம்போசிட் வேண்டாம். கருமருந்து மோட்டார் எரிந்து முடியும்போது முன்பக்கம் உடைந்து வரும் நெருப்புதான் மேலடுக்கைப் பற்றவைக்கிறது. பி6-0, சி6-0, டி12-0 போன்ற தாமதமில்லாத கருமருந்து மோட்டார்களையே அங்கே வையுங்கள்.