பழைய நிறத்திலேயே ஓடும் எஞ்சின்களும் வேகன்களும்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் சதர்ன் பசிபிக் ரயில்வே 1996-லேயே யூனியன் பசிபிக் ரயில்வேயோடு சேர்ந்துவிட்டதே, அதன் சாம்பல்–சிவப்பு எஞ்சின்கள் அப்புறமும் பல வருடம் ஓடியது எப்படி?

பதில்: பெயிண்டுக்காகப் பட்டறையில் நிற்கும் எஞ்சின் அத்தனை நாளும் காசு சம்பாதிக்காது. உடனே மாற வேண்டியது எண் மட்டும்தான், ஒரே எண்ணில் இரண்டு எஞ்சின் இருக்கக் கூடாதே. அதனால் கேபின் ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம் மஞ்சள் பூசி, புது எண்ணை எழுதி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சிவப்பு வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமான முகப்பு, அதற்குப் பக்கத்தில் பளிச்சென்று அந்த மஞ்சள் ஒட்டு. பார்க்க அசிங்கம்தான், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கேள்வி: வேகன்களிலும் இதே கதையா?

பதில்: இன்னும் அதிகம். எந்தக் கம்பெனியின் தண்டவாளத்தில் நின்றாலும் வாடகைக் கணக்கு பக்கவாட்டில் உள்ள உரிமையாளர் எழுத்தையும் எண்ணையும் வைத்துத்தான் நடக்கும். அது தெளிவாக இருந்தால் போதும், மற்றதை யாரும் கண்டுகொள்வதில்லை. அமெரிக்காவில் 1974 ஜூலைக்குப் பின் கட்டிய வேகன் 50 வருடம் வரை ஓடலாம், பல கம்பெனிகள் அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதில்லை.

இதில் பெரிய வேடிக்கை கான்ரெயில் என்ற அமெரிக்க ரயில்வே. 1999-இல் அதை நார்ஃபோக் சதர்ன், சிஎஸ்எக்ஸ் என்ற இரண்டு ரயில்வே கம்பெனிகள் பங்கு போட்டபோது, எது யாருடையது என்று காட்ட முதலாமவர் பங்குக்கு ‘பிஆர்ஆர்’, மற்றவர் பங்குக்கு ‘என்ஒய்சி’ என்ற எழுத்துகள். பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் ஆகிய அந்த இரண்டு ரயில்வேயும் 1968-லேயே ஒன்றாக இணைந்து மறைந்தவை! கான்ரெயில் வேகனின் மேல் முப்பது வருடம் முன்பு போன பெயர், புத்தம் புது பெயிண்டில்.

கேள்வி: ஒரு பழைய படத்தில் சிவப்பு–மஞ்சள் எஞ்சின். ‘எஸ்பி’ (சதர்ன் பசிபிக்) என்ற எழுத்துகள் ஒரு பக்கமாக ஒதுங்கி, மீதி இடம் காலி. ஏன்?

பதில்: சான்டா ஃபே ரயில்வேயோடு இணைப்பு உறுதி என்று நம்பி, ‘எஸ்எஃப்’ எழுத விட்ட இடம் அது. 1986-இல் அரசு ஆணையம் இணைப்பை மறுத்துவிட்டது. அதற்குள் நூற்றுக்கணக்கான எஞ்சின்களுக்கு அடித்து முடித்திருந்தார்கள், அப்படியே ஓடின.

கேள்வி: நிறத்தை நம்ப முடியாதென்றால் வேகனின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பக்கவாட்டில் ‘பிஎல்டி’ (‘பில்ட்’, அதாவது கட்டிய தேதி) என்று சின்னதாக மாதமும் வருடமும் இருக்கும். பல நிறக் கோடுகள் கொண்ட தகடு ஒட்டியிருந்தால் இன்னும் நல்ல அடையாளம்: வேகனைத் தானாகப் படித்தறிய 1967-இல் வந்து, 1977-இல் கைவிடப்பட்ட முறையின் மிச்சம். கழற்றவும் செலவாகுமே, அதனால் விட்டுவிட்டார்கள்.

கேள்வி: 1996 என்ற எண்ணில் சதர்ன் பசிபிக் நிற எஞ்சின் ஒன்று பளபளவென்று இருக்கிறதே?

பதில்: அது தப்பிப் பிழைத்தது இல்லை. சதர்ன் பசிபிக்கின் நினைவுக்காக யூனியன் பசிபிக் அடித்தது, எண் இணைப்பு நடந்த வருடம்.

கேள்வி: மாடல் வேகனுக்கு மங்கல் எப்படிக் கொடுப்பது?

பதில்: முதலில் முழு வேகனையும் வெளுக்க வையுங்கள், பிறகு எண் ஒட்டைப் பூசுங்கள். வரிசை மாறினால் ஒட்டும் சேர்ந்து மங்கிப் பொய்யாகத் தெரியும்.