மதகு பிளாக் ஏன் எப்போதும் வடக்கையே பார்க்கிறது?

மைன்கிராஃப்ட் விளையாட்டில் நாமே சேர்க்கும் மாற்றமான மோடில், நம்ம ஊர் வாய்க்கால் மதகை ஒரு பிளாக்காக (கட்டையாக) செய்தேன், எங்கே நின்று வைத்தாலும் வடக்கையே பார்க்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்க ஆசையாக இருக்கிறது, கட்டாயம் செய்து முடியுங்கள். திசையை நினைவில் வைக்க பிளாக்குக்கு ‘ஃபேசிங்’ என்ற பண்பு வேண்டும். பிளாக்கின் ஜாவா நிரலில் கிரியேட்பிளாக்ஸ்டேட்டெஃபினிஷன் (createBlockStateDefinition) என்ற செயல்பாட்டில் அதைச் சேருங்கள். அப்புறம் பிளாக்கை வைக்கும்போது இயங்கும் கெட்ஸ்டேட்ஃபார்பிளேஸ்மென்ட்டில் (getStateForPlacement), வீரர் பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையைக் கொடுங்கள். விளையாட்டில் உள்ள உலை பிளாக் அப்படித்தான் நம் முகம் பார்த்து உட்காருகிறது.

பலர் கோட்டை விடுவது, எந்தத் திசைக்கு மாடலை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லும் பிளாக்ஸ்டேட் ஜேசன் (JSON) கோப்பில்தான். மாடலை வடக்கு நோக்கி வரைந்து, கிழக்குக்கு ஒய் (y) மதிப்பு, அதாவது திருப்பும் பாகை, 90, தெற்குக்கு 180, மேற்குக்கு 270 என எழுதுங்கள்.

சரி, சோதிக்க தஞ்சைப் பக்கத்து வெண்ணாறு மாதிரி மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். தண்ணீர் வரும் பக்கம் நின்று கிழக்கே பார்த்து மதகை வைத்தால், பலகை உங்களைப் பார்த்து மேற்கு நோக்கி நிற்கும்.