விடிகாலையில் விழுங்கும் மாத்திரை

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. ஓராண்டாக உதட்டோரத்திலும் விரல்களிலும் வெண்புள்ளிகள். அவள் அப்பா வழிச் சீக்கு இது. என் பிறந்த வீட்டில் யாருக்கும் இல்லை. தைப்பூசம் முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். தைராய்டு மாத்திரையைப் போட்டுவிட்டுக் காப்பிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். புள்ளிகளை மறைத்துப் பேசி முடித்துவிடலாமா?
ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, அந்த மாத்திரை எதற்கு என்று டாக்டரிடம் என்றைக்காவது கேட்டீர்களா? தைராய்டு சுரப்பு குறைந்தவர்களில் பலருக்கு, கிருமிகளோடு சண்டையிட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே சொந்தச் சுரப்பியைத் தாக்கிவிடுகிறது. உங்கள் மகளின் தோலிலும் அதே கதைதான். டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள், தோலுக்கு நிறம் தரும் செல்களை எதிரியாக எண்ணி அழிக்கின்றன. அந்த இடம் வெளுத்துவிடுகிறது. தொட்டால் ஒட்டாது. தைராய்டுக் கோளாறும் வெண்புள்ளியும் ஒரே குடும்பத்தில் தென்படுவது தோல் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. உங்களுக்குக் கழுத்துக்குள் நடப்பது, அவளுக்கு ஊர் பார்க்க விரலில் நடக்கிறது. பிறகு எந்தத் துணிச்சலில் "அப்பா வழி" என்று எழுதினீர்கள்? அந்தப் பேச்சு அவள் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும்! பெற்றவளே பழியைப் பங்கு பிரித்தால், பெண் யாரிடம் போய் நிற்பாள்?

மறைப்பது கூடவே கூடாது. காப்பித் தட்டைப் பிடித்து வரும் விரல்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பொய்யின் மேல் கட்டிய சம்பந்தத்தில் அந்தப் பொய்யைக் காலம் முழுக்கச் சுமக்கப்போவது நீங்கள் அல்ல, அவள். புள்ளியைக் கண்டு எழுந்து போகிறவர்கள் வாசலோடு போவதே நல்லது.

சிகிச்சை உண்டு. 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் ஒளி சிகிச்சை பல காலமாக இருக்கிறது. டி செல்களை அழைக்கும் சமிக்ஞையைத் தடுக்கும் ரக்சோலிடினிப் களிம்புக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. ஆனால் முகம் தேறுவதுபோல் விரல் நுனியும் உதடும் எளிதில் தேறுவதில்லை. நிறம் திரும்பினாலும், பழையதை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் தோலிலேயே தங்குவதால், சிகிச்சையை நிறுத்தியபின் அதே இடம் மறுபடி வெளுக்கலாம். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

பினாங்கு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு நீங்களே அவளை அழைத்துப் போங்கள். தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். பெர்ரிப் படகில் போகும்போது, அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னது தவறு என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.