கேள்வி-பதில்: நடுவானில் அணையும் ஜெட், கையில் இல்லாத பில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாடல் ஜெட் விமானம், அதாவது ரிமோட்டில் பறக்கும் சின்ன ஜெட், பற்றியவை. நீலகிரியில் இத்தனை பேர் வீட்டில் டர்பைன் இன்ஜின் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. பச்சைத் தேயிலை விலை பற்றிப் புலம்பி எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள் போலிருக்கிறது.

கே: கோவையில் ஒருவரிடம் 10 கிலோ தள்ளுவிசை உள்ள டர்பைனை செகண்ட்ஹேண்டில் 1.6 லட்சத்துக்கு வாங்கினேன். தரையில் அருமையாக ஓடுகிறது. மேலே போய் மூன்று, நான்கு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. போன ஞாயிறு விமானம் தேயிலைச் செடிகள் மேல் இறங்கி ஒரு இறக்கை போய்விட்டது. விற்றவரோ குரல் பதிவு அனுப்பி, “உங்க ஊர் உயரம்ங்க, நான் என்ன பண்றது?” என்கிறார். உண்மையா ஐயா? (வாசகர், கோத்தகிரி)

ப: அரை உண்மை. அதை வைத்து முழுசாகத் தப்பிக்கப் பார்க்கிறார். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் தள்ளுவிசை குறையும், மேலெழும்ப நீளமான ஓடுபாதை வேண்டும், ஸ்டார்ட் ஆகும்போது வெப்பம் எகிறும், ஐடிலில் (குறைந்தபட்ச வேகத்தில்) இருந்து சடாரென்று த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் திணறும். இதெல்லாம் உயரத்தின் வேலை. நான்கு நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு அணைவதற்கு உயரத்தைக் குறை சொல்ல முடியாது. முதல் நிமிடத்திலும் ஊர் அதே உயரத்தில்தானே இருந்தது?

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யூ. பெட்டி இருக்கிறதே, கடைசியாக ஏன் அணைந்தது என்பதை அது நினைவில் வைத்திருக்கும். கூட வந்த சின்னத் திரையை மாட்டிப் பாருங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் பார்க்க வேண்டும், சில ஈ.சி.யூ.க்கள் அடுத்த ஓட்டத்தில் பழையதை அழித்துவிடும். ‘ஃபெயில்சேஃப்’ என்று வந்தால் இன்ஜின் மேல் தப்பில்லை, ரேடியோ சிக்னல் விட்டுப் போயிருக்கிறது. ரிசீவரின் ஆன்டெனா கார்பன் ஃபைபரை ஒட்டிக் கிடக்கிறதா, வானத்தில் ஒரே திசையில், ஒரே தூரத்தில் அணைகிறதா என்று கவனியுங்கள். பேட்டரி வோல்டேஜ் விழுந்ததாக வந்தால் பேட்டரியை மாற்றுங்கள். சுற்று வேகம் இறங்க இறங்க பம்ப்பின் வோல்டேஜ் ஏறியிருந்தால், பம்ப் தவியாய்த் தவித்திருக்கிறது, எரிபொருள் வந்து சேரவில்லை என்று பொருள்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் இந்தக் கடைசியின் மேல்தான், அதிலும் காற்றுக் குமிழி மேல். டேங்கில் இருந்து பம்ப் வரை உள்ள குழாயில் பம்ப் உறிஞ்சுகிறது. அந்தப் பக்கம் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஈரமே தெரியாது. “லீக் இல்லை, துடைத்துப் பார்த்துவிட்டேன்” என்று சத்தியம் செய்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்தக் காற்று ஏர் டிராப்பில், அதாவது குமிழியைப் பிடித்து வைக்கும் சின்ன டேங்கில், கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அது நிறைகிறவரை இன்ஜினுக்கு ஒன்றும் தெரியாது, நிறைந்ததும் ஒரு வாய் காற்று போய் அடுப்பு அணையும். மூன்று, நான்கு நிமிடக் கணக்கு இதற்குப் பொருந்துகிறது.

விமானத்தைக் கட்டிப் போட்டு, முழு த்ராட்டிலில் ஓடவிட்டு, பம்ப்புக்குப் பின்னால் உள்ள தெளிவான குழாயை டார்ச் அடித்துப் பாருங்கள். ஐடிலில் பார்த்தால் போதாது. முழு வேகத்தில் இந்த அளவு இன்ஜின் நிமிடத்துக்கு 300 மில்லிக்கு மேல் குடிக்கும், உறிஞ்சும் பலம் அப்போதுதான் தெரியும். குமிழி ஓடினால் பின்னோக்கிப் போங்கள்: பம்ப் நிப்பிள், ஃபில்டர், ஏர் டிராப் மூடி, பெரிய டேங்கின் ரப்பர் கார்க், உள்ளே எடைக்குண்டோடு தொங்கி எண்ணெய் உறிஞ்சும் க்ளங்க் குழாய். மண்ணெண்ணெயில் ஊறி இறுகிப்போன பழைய மஞ்சள் குழாய் இருந்தால் யோசிக்காமல் வெட்டி எறியுங்கள். டேங்குக்குள் காற்று போகும் வென்ட் துளையையும் பாருங்கள். காரில் கொண்டுபோகும்போது சிந்தாமலிருக்க அடைத்த மூடியைக் கழற்ற மறந்தால் டேங்க் சப்பிப்போய் இதே கதைதான் நடக்கும்.

விற்றவர் அடிக்கடி இன்ஜின் வாங்கி விற்கிறவர் என்றால் அவர் வியாபாரி; ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். தன் சொந்தப் பொருளை ஒரு தடவை விற்ற தனி ஆள் என்றால் அந்த வழி சரிவராது. எதுவானாலும் அந்த “உயரம்ங்க” குரல் பதிவை அழித்துவிடாதீர்கள்.

கே: ரேஷன் மண்ணெண்ணெய் வீட்டில் சும்மா இருக்கிறது. டர்பைனில் ஊற்றலாமா? (ஊட்டி)

ப: கூடாது. ரேஷன் பொருளை இதற்கு எரிப்பது சட்டப்படி குற்றம்.

கே: டீசல்? (அதே வாசகர், அடுத்த கடிதம்)

ப: இன்ஜினின் கையேடு அனுமதித்தால் ஊற்றலாம். டர்பைன் ஆயிலைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கலக்க வேண்டும். பெரும்பாலும் 20 லிட்டருக்கு 1 லிட்டர். பேரிங்குக்கு உயவு அந்த ஆயிலில் இருந்துதான் கிடைக்கிறது. உறைபனி விழும் ஜனவரிக் காலையில் ஊட்டியில் டீசலில் மெழுகு திரளும், ஃபில்டர் அடைக்கும். வெயில் ஏறட்டும்.

கே: ஒரு ஜெட் விலைக்கு வருகிறது. விற்பவர் இன்ஜின் ஓடும் வீடியோ அனுப்பினார், பிரமாதமாக இருக்கிறது. பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார். அனுப்பலாமா? (குன்னூர்)

ப: வீடியோ! இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீடியோவில் எது ஓடவில்லை சொல்லுங்கள்? நான் வீடியோ பார்த்து வாங்கிய புல்வெட்டும் மெஷின் ஒன்று உண்டு. சத்தம் சங்கீதம் மாதிரி இருந்தது. பார்சலைப் பிரித்தால் சைலன்சரைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது, கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில். விற்றவர் அதன் பிறகு போனை எடுக்கவேயில்லை. அந்தக் கம்பி இன்னும் என் மேஜையில் கிடக்கிறது.

ஆனால் டர்பைன் வாங்குகிறவருக்குப் புல்வெட்டி வாங்கியவனுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டரைத் திருப்பிவிடுவார்கள், இந்த ஈ.சி.யூ.வோ மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது, கடைசியாக ஏன் நின்றது என்று கணக்கு எழுதிக்கொண்டே வருகிறது. பல இன்ஜின்களுக்கு 25 மணி நேரத்தில் சர்வீஸ் என்று கம்பெனியே சொல்கிறது. 24 மணி நேரம் ஓடியதை “லேசா ஓட்டினது சார்” என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸுக்கு வெளிநாடு அனுப்ப வேண்டியிருந்தால் அந்தச் செலவு யார் தலையில்? ஒருவராவது அந்தத் திரையைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்களா என்றால் இல்லை. பெயின்ட் பளபளப்பைப் பார்க்கிறார்கள், காக்பிட்டில் உட்கார்ந்திருக்கும் பொம்மை பைலட்டைப் பார்க்கிறார்கள்.

நேரில் போங்கள். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் கோளாறு தெரியாது. அணைத்த பின் ரோட்டர் சுற்றி நிற்கும் சத்தத்தைக் கேளுங்கள், கரகரவென்றால் பேரிங் போகிறது. திரையைப் படம் எடுங்கள். ஈ.சி.யூ. புதுசு, பழையது கெட்டுப்போச்சு என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள். அட்வான்ஸ் ஒரு பைசா வேண்டாம்.

கே: ஆன்லைனில் வாங்கிய 5,000 எம்.ஏ.எச். கொள்ளளவு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒரே மாதத்தில் உப்பிவிட்டது. அதே மாதிரி நண்பரின் பேட்டரியோடு எடை போட்டால் கால்வாசி குறைவு. தளத்தில் “ரிட்டர்ன் காலம் முடிந்தது” என்று ஒரே பதில். ஓய்வூதியப் பணம் அம்மா. (அருவங்காடு)

ப: (நான் அம்மா இல்லை, பரவாயில்லை.) உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எடை போட்டுப் பார்த்தீர்களே, சபாஷ்; எடை குறைந்தால் உள்ளே சரக்கு குறைவு. ரிட்டர்ன் காலம் வேறு, போலிச் சரக்கு வேறு. 2020 மின்வணிக விதிகளின்படி அந்தத் தளம் குறைதீர் அதிகாரியின் பெயரைப் போட்டிருக்க வேண்டும்; புகாரை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தராசுப் படத்தோடு அவருக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். உப்பின பேட்டரியை வீட்டுக்குள் வைக்காதீர்கள், சார்ஜில் போடவே போடாதீர்கள்.

20,000 எம்.ஏ.எச். என்று அச்சடித்த பவர் பேங்க் ஒன்று என்னிடம் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. அதற்கும் கனம் போதவில்லை.

கே: ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்று பில் இல்லாமல் புது டர்பைன் வாங்கினேன். இரண்டாவது ஓட்டத்திலேயே நின்றுவிட்டது. கடைக்காரர் என்னைத் தெரியவே தெரியாது என்கிறார். (கொடைக்கானல்)

ப: அவருக்கு உங்களைத் தெரியாமல் இருப்பதற்குத்தானே விலை குறைத்தார்? ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு ஏதாவது இருந்தால் திண்டுக்கல் ஆணையத்துக்குப் போங்கள், அவையும் சாட்சிதான். ரொக்கமாகக் கொடுத்தீர்கள் என்றால் என்னிடம் பதில் இல்லை.

கே: வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர் முழு ஜெட் ஒன்றை டர்பைனோடு சேர்த்து அனுப்பினார். சுங்கத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். லஞ்சம் எதிர்பார்க்கிறார்களோ? (கூடலூர்)

ப: எடுத்த எடுப்பில் லஞ்சம் என்று ஏன் போகிறீர்கள்? 2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது. பிரித்துப் போட்டுச் செட்டாக அனுப்பினாலும் தடைதான். உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. உங்கள் ஜெட்டை அதிகாரி ஆளில்லா விமானக் கணக்கில் சேர்த்திருக்கலாம். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, சுங்க முகவர் ஒருவரிடம் காட்டுங்கள். மைத்துனரிடம் அடுத்ததை அனுப்ப வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கே: என் வீட்டுக்காரர் மகனுக்கு என்று சொல்லி இரண்டு லட்சத்துக்கு ஜெட் வாங்கப் போகிறார். மகனுக்கு ஆறு வயது. (வெலிங்டன்)

ப: மகனுக்கு இல்லை. அது உங்களுக்கே தெரியும். பக்கத்தில் ராணுவ வளாகம், அடுத்த ஊரில் கார்டைட் வெடிமருந்து ஆலை. இதைப் பறக்கவிட எங்கே அனுமதி வாங்கியிருக்கிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.